காற்றின் மீது விழுந்த பழி

பக்கவாதத்தை மலாய்க்காரர்கள் ‘அங்கின் அஹ்மார்’, அதாவது சிவப்புக் காற்று என்பார்கள். சீனர்களுக்கு அது ‘ஜோங் ஃபெங்’. காற்றடித்துவிட்டது என்று பொருள். நாம் சொல்லும் வாதமும் காற்றுதான். மூன்று இனத்தாரும் ஒரே நோய்க்குக் காற்றின் மீதே பழி போட்டிருக்கிறார்கள்.

இதை ஒப்புக்கொள்ளாத சீன வைத்தியர் ஒருவர் இருந்தார். பெயர் வாங் சிங்ரென் (1768-1831). 1797இல் லுவான்ஜோ வட்டாரத்தில் கொள்ளைநோய் பரவிக் குழந்தைகள் ஏராளமாக மாண்டனர். ஆழமாகப் புதைக்கப்படாத உடல்களை நாய்கள் கிழித்துப் போட்டன. பழைய ஏடுகளில் உள்ள உறுப்புப் படங்கள் சரிதானா என்று அறிய, வாங் தொடர்ந்து பத்து நாள்கள் அங்கே போய்ப் பார்த்தார். தாம் கண்டதை 1830இல் நூலாக வெளியிட்டார். தமனிகளில் ஓடுவது காற்று என்று அவரும் தவறாகவே எழுதினார் என்பது வேறு விஷயம்!

உடலின் ‘ச்சீ’ எனும் உயிராற்றல் பத்துப் பங்கு. அதில் ஐந்து குறைந்தால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்பது அவர் கணக்கு. இழந்த ஐந்தை மீட்கும் கஷாயம் என்றே தம் மருந்துக்குப் பெயர் வைத்தார்: ‘பூயாங் ஹுவான்வு’. அதில் ஹுவாங்ச்சி வேர் மட்டும் இன்றைய அளவில் 120 கிராம். குசும்பாப்பூ, பீச் பருப்பு, மண்புழு உள்ளிட்ட மற்ற ஆறும் சிறு சிறு அளவுதான்.

இன்றைய ஆய்வுக்கூடங்கள் இதே கஷாயத்தை வேறு கண்ணோடு பார்க்கின்றன. மூளைக்கு இரத்தம் நின்ற சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேலை மாறிவிடுகிறது. மரபணு மாறுவதில்லை, எது விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதுதான் மாறுகிறது. சில மரபணுக்கள் வீக்கத்தைக் கூட்டும். சில செல்களைச் சாகடிக்கும். ‘விஇஜிஎஃப்’ போன்றவை புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும். இந்தக் கஷாயம் கொடுத்த எலிகளில் விஇஜிஎஃப் கூடியதாக ஆய்வுகள் கூறுகின்றன. ‘நியூரோஎய்ட்’ என்ற சீன மருந்துக் கலவை, நரம்புச் செல்களைக் காக்கும் ‘பிடிஎன்எஃப்’ புரதத்தைக் கூட்டுவதாக 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினர்.

எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைத்ததா? சிங்கப்பூர், மலேசியா, பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, இலங்கை, ஹாங்காங் ஆகிய இடங்களில் 1,100 நோயாளிகளிடம் நியூரோஎய்ட் சோதிக்கப்பட்டது. பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. 2013இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீண்ட நாள் கண்காணித்ததில், ஆறு முதல் பதினெட்டு மாதத்துக்குள் மருந்து உண்டவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறியிருந்தார்கள் என்று 2015இல் அறிவித்தனர். இரண்டாண்டு முடிவில் அந்த வேறுபாடும் நிற்கவில்லை. மூளையில் இரத்தம் கசிந்த 1,648 பேருக்குச் சீனாவில் வேறொரு மூலிகைக் கலவை கொடுத்துப் பார்த்த ஆய்வும் 2024இல் பலனில்லை என்றே முடிந்தது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பக்கவாதம் அடைப்பாலும் வரும், இரத்தக் கசிவாலும் வரும். முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குசும்பாப்பூவும் பீச் பருப்பும் இரத்தத்தை ஓடவைக்கும் சரக்குகள். கசிவு உள்ளவருக்கு அது ஆபத்தாகலாம். வாங் சிங்ரென்னிடம் ஸ்கேன் இல்லை. எந்த நோயாளிக்கு எந்த வகை என்று அறிய அவருக்கு வழியே இருக்கவில்லை.