வறண்ட நிலத்தில் யுத்தமும் திருமதிலும்

1753 முதல் 1791 வரையிலான காலத்தில் முராரி ராவின் மராட்டியரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலக் கம்பெனியாரும், மைசூர்ப் படையினரும் திருவண்ணாமலைக் கோயிலை மாறி மாறி முற்றுகையிட்டும் கைப்பற்றியும் வந்தமைக்கு, அங்கிருந்த பொன்னும் ஆபரணங்களுமே காரணம் என்பாரும், பிறமதத் துவேஷமே காரணம் என்பாரும் உளர். பொன்னாசை இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வெவ்வேறு சமயத்தாரும் தேசத்தாருமான இத்தனை பேரை ஒரே மதிலுக்கு இழுத்து வந்தது, வறண்ட பிரதேசத்தில் நீரும் தானியமும் அரணும் ஒருங்கே அமைந்த இடம் அது என்னும் நிலையே என்பது என் துணிபு.

இந்நிலம் பாலைவனம் அன்று. ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று முன்னோர் வகுத்த இலக்கணத்திற்குச் செங்கம் கணவாய் முதல் அண்ணாமலை அடிவாரம் வரையுள்ள பூமி ஏற்ற உதாரணமாகும். ஜீவநதி இல்லாத இங்கே, ஏரிகள் வற்றிய காலத்திலும், உயர்ந்த மதிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும் இருந்தன. ராஜகோபுரத்தின் உச்சியில் நின்றவனுக்கு நாற்றிசைப் பாதைகளும் கண்ணுக்குள் அடங்கின.

1767-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை இந்நோக்கில் மீண்டும் வாசித்தல் வேண்டும். செப்டம்பர் 3-ஆம் நாள் செங்கத்தில் மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து தாக்கியபோது கம்பெனிப் படைத்தலைவர் கர்னல் ஜோசப் ஸ்மித் களத்தில் வென்றார். ஆனால் அவருடைய அரிசி மூட்டைகளை மைசூர்க் குதிரைப்படை கொள்ளையிட்டுவிட, வென்ற சேனை பட்டினியோடு இரவும் பகலும் நடந்து திருவண்ணாமலையை அடைந்தது. அங்கே தானியம் நிறைந்திருக்கும் என்று கம்பெனியின் நண்பரான ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி அளித்திருந்த வாக்கு பொய்யாயிற்று. ஆகவே போரில் தோற்காத அந்தத் தளபதி, தானியம் தேடிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு ஆளனுப்பி அலைய நேர்ந்தது. அக்கிராமங்களின் குடியானவன், எவர் வென்றாலும் தன் நெல் போவது நிச்சயம் என்று அறிந்தவனாய் இருந்திருப்பான் என்பதைச் சரித்திரம் எழுதுவோர் மறத்தலாகாது. அம்மாத இறுதியில் ஏறத்தாழ 70,000 பேர் கொண்ட எதிரிகளை 10,000 பேருடன் ஸ்மித் திருவண்ணாமலை அருகே முறியடித்ததைக் கம்பெனியின் ராணுவ ஒழுங்கிற்குச் சான்றாகக் காட்டுவர். அது உண்மையே எனினும், பல்லாயிரம் குதிரைகளுக்குத் தீவனமும் நீரும் தேடவேண்டிய பெருஞ்சைன்யம், மழைக்கு முந்திய புரட்டாசியில் தன் பெருமையாலேயே நலிந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

வறண்ட நாட்டில் நீரும் தானியமும் உள்ள இடமே ஆதிக்கப் போட்டியின் மையமாகும் என்னும் உண்மையை வட ஆப்பிரிக்காவில், லிபியாவின் கிழக்குப் பகுதியான சைரெனய்க்கா மெய்ப்பிக்கிறது. அங்கே சனூசி என்னும் சமயக் கூட்டத்தார் வணிகப் பாதைகளின் ஓரத்தில், கிணறுகளை ஒட்டிச் 'சாவியா' எனப்படும் மடங்களை நிறுவினர். தொழுகையிடமும், பாடசாலையும், வழிப்போக்கர் தங்குமிடமும், களஞ்சியமும் அவையேயாயின. 1911-இல் படையெடுத்த இத்தாலியர், அந்த மடங்களை விட்டுவைத்து அந்த நாட்டை ஆள இயலாதென்று நெடுநாள் கழித்தே உணர்ந்தனர். 1930-இல் இத்தாலியத் தளபதி கிராட்சியானி அவற்றின் சொத்துக்களைப் பறிமுதல் செய்தார், கிணறுகளை அடைத்தார், ஏறத்தாழ 1,00,000 மக்களை முகாம்களில் அடைத்தார், எகிப்திய எல்லையில் 270 கிலோமீட்டர் முள்வேலியும் இட்டார். இத்தனைக்கும் எதிராகப் போராடிய உமர் முக்தார் ஒரு சாவியாவின் தலைவராயிருந்து குர்ஆன் ஓதுவித்தவர். 1931 செப்டம்பர் 16-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1951 டிசம்பர் 24-இல் லிபியா சுதந்திரமடைந்தபோது சனூசித் தலைவரே அதன் அரசரானார்.

ஒற்றுமையைவிட வேற்றுமையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சைரெனய்க்காவின் மடங்கள் மக்களின் எதிர்ப்புக்கு உயிர்நிலையாயின. அண்ணாமலைக் கோயிலோ மக்களின் சம்மதமின்றி, வெளியிலிருந்து வந்த அரசர்களுக்கும் வணிகர்களுக்கும் கோட்டையாக்கப்பட்டது. கிராட்சியானி பலாத்காரத்தால் செய்ததைக் கம்பெனி நிதானமாகச் செய்தது: 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குச் சட்டம், சென்னை ராஜதானியின் கோயில் தர்மங்களின் மேற்பார்வையை ரெவினியூ போர்டிடம் ஒப்புவித்தது. முற்றுகையால் பெற்றதைக் காட்டிலும் நிலைத்த ஆதிக்கம் அந்தச் சட்டத்தால் கிட்டியது.

கோயிலின் கல்வெட்டுகள் அச்சேறியுள்ளன; கம்பெனியின் யுத்தப் பதிவுகளும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. நிலதானங்களையும் ஏரிகளையும் கூறும் முன்னவற்றைச் சேனைகள் நடந்த வழிகளைக் கூறும் பின்னவற்றோடு ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்க நம் பல்கலைக்கழகங்கள் முன்வரல் வேண்டும்.