போதையிலிருந்து மீண்டவரே துணை: சக ஆதரவாளரின் பணி என்ன?

மலாக்கா: போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு, அதே பழக்கத்தில் தவிக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பவரே சக ஆதரவாளர். மருத்துவர் மருந்து கொடுப்பார். ஆலோசகர் வழி சொல்வார். "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று சொல்ல இவரால்தான் முடியும்.

தொடக்கம்

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகச் சென்றிருந்த பங்குத் தரகர் பில் வில்சன், மறுபடி குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். தம்மைப் போன்ற இன்னொருவரைத் தேடிப் பேசினார். அவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அந்தச் சந்திப்பில் உருவானதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அடுத்தவருக்கு உதவுவது தம்மையும் காக்கும் என்பதே அதன் அடிப்படை.

மலேசியாவில் மீண்டவர்களே முன்னின்று நடத்தும் அமைப்பு பெங்காசே. தோட்ட மக்களுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 1940களில் கெடா, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையிலான தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. அது கடையை எதிர்த்த போராட்டம். சக ஆதரவாளரோ கடையை விட்டு வெளியே வந்தவரோடு நடப்பவர்.

என்ன செய்வார்?

முதல் முறை கிளினிக்குக்குப் போகத் தயங்குபவரோடு உடன் செல்வார். சம்பள நாள் மாலை, திருவிழா, கல்யாணம், துக்க வீடு ஆகியவை சறுக்கல் நேரும் வேளைகள். அவற்றை எப்படிக் கடப்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பார். சறுக்கினால் திட்டாமல் மறுநாளே போய்ப் பார்ப்பார்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் ரகசியம் காப்பதே பெரிய சோதனை. லயத்தில் இரவு பேசியது காலைப் பெரட்டுக்குள் பரவிவிடும். கேட்டதை வெளியே சொன்னால், அந்த மனிதர் மறுபடி யாரையும் நம்பி வரமாட்டார்.

எல்லை எது?

சக ஆதரவாளர் மருத்துவர் அல்லர். தினமும் அதிகம் சம்சு குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம். கடைசியாகக் குடித்த முதல் 3 நாள்கள் ஆபத்தானவை, உயிரே போகலாம். "மனவுறுதி இருந்தால் போதும்" என்று வீட்டில் அடைத்து வைப்பது தவறு. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் சிகிச்சை 2005 முதல் நாட்டில் உண்டு. சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ இருந்து திரும்பியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவு எடுத்தால் மரணம் நேரலாம். இதை முதல் நாளே எடுத்துச் சொல்வது முக்கியம்.

பணம் கடன் கொடுப்பதும் குடும்பச் சண்டையில் பஞ்சாயத்து செய்வதும் இவர் வேலையல்ல. தமக்கே மறுபடி ஆசை எழுந்தால், பணியை நிறுத்திவிட்டு முதலில் தாம் உதவி தேட வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் பலர் ஒளிந்து வாழ்கிறார்கள். ஆனால் 1983ஆம் ஆண்டின் போதைப்பொருள் சிகிச்சை, மறுவாழ்வு தொடர்பான சட்டத்தின் கீழ் தாமாகவே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேவின் மாவட்ட அலுவலகங்கள் மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசினில் உள்ளன. மது பிரச்சினைக்கு அரசாங்க கிளினிக்கை நாடலாம். மனநல உதவிக்கு 15555, குடும்ப நெருக்கடிக்கு தாலியான் காசே 15999 எண்களை அழைக்கலாம். பாதிக்கப்பட்டவர் தயங்கினாலும் மனைவியோ பிள்ளையோ முதலில் அழைத்து விவரம் கேட்கலாம்.