மனைவி எங்கே?

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேசுவரரையும் கார்த்திகை தீபத்தையும் நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், ஸ்ரீநிவாசப் பெருமாள் குடிகொண்டிருக்கும் சின்னஞ்சிறு குன்று. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்துச் சுற்றுக் கிராமங்கள் முழுவதும் அங்கே வந்து சேர்ந்துவிடும். என் பாட்டியோடு நான் படியேறிய நாட்களில் கூடவே ஒரு கிழவியும் வருவாள். ஊரில் அவளுக்குக் 'கண்டிக் கிழவி' என்று பெயர். மூச்சு வாங்கப் பாதிப் படியில் உட்கார்ந்தால், பெருமாளைப் பற்றிப் பேசமாட்டாள். தேயிலைத் தோட்டத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்தும் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலத்திலிருந்தும் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் கங்காணியின் கடனை நம்பிப் போனவர்கள். காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள்; லயத்து அறைகளில் பிறந்து, லயத்து அறைகளிலேயே இறந்தார்கள். 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டே வந்த பிரஜா உரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிட்டது. மறு வருஷம், இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று வந்தது. உரிமை வேண்டுமானால் மனுப் போடு, 1951 ஆகஸ்டுக்குள் போடு என்றது அது.

இந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான், ஒரு சர்க்கார் எவ்வளவு நுணுக்கமாகக் குடித்தனம் விசாரிக்கும் என்று எனக்குப் புரிந்தது. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்னால் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும்: மணமானவன் என்றால் ஏழு வருஷம், மணமாகாதவன், மனைவியை இழந்தவன், விவாகரத்துச் செய்தவன் என்றால் பத்து வருஷம். மணமானவனுக்கு மூன்று வருஷம் சலுகைதானே என்று சந்தோஷப்பட வேண்டாம். அவன் மனைவியும் அவனை நம்பியிருக்கும் சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே வசித்தார்கள் என்றும் காட்டவேண்டும். அவன் மனுவில்தான் அவர்கள் பெயரும் சேரும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கடல் தாண்டிப் போயிருந்தால் 'தொடர்ச்சி' அறுந்தது. அப்புறம் மனைவியைப் பற்றிய நிபந்தனை 1952-ல் இன்னும் இறுகியது. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் அவள் தீவில் குடியேறியிருக்க வேண்டுமாம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வருவது நம் வழக்கம். பிள்ளை தேறவேண்டும், காது குத்தவேண்டும், அப்படியே அப்பனுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். ஒன்றரை வருஷம் எப்படி ஓடிற்று என்று யாருக்கும் தெரியாது. சட்டத்துக்கு அது தெரிந்துவிட்டது. இதில் ஒரு விபரீதமும் உண்டு. மனைவியே இல்லாதவனுக்குப் பத்து வருஷம் என்று ஒரு வழி இருந்தது. மனைவி இருந்து, அவள் ஊரில் இருந்தால் வழி அடைபட்டது. கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனவள் சட்டப்படி மனைவிதான். ஊர்க்கூட்டத்தில் வெற்றிலை மாற்றித் தீர்த்துக்கொண்டதற்கு எந்த அதிகாரியிடம் காகிதம் காட்டுவது?

ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாக இருந்த காலம் அது, 1949 முதல் 1952 வரை. ஆனால் கடலுக்கு அப்பால் நடந்த விசாரணைக்கு ஜில்லாக்காரர் இங்கே மந்திரியாக இருந்து என்ன செய்வது? சுமார் 2,37,000 மனுக்கள். அவற்றில் எட்டேகால் லட்சம் பேருடைய பெயர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் விசாரித்து, ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான் உரிமை கிடைத்தது. ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிழவியின் புருஷன் 1951-ல் மனுப் போட்டார். அவள் 1944-ல் பிரசவத்துக்கு வந்து பதினெட்டு மாதம் இங்கே தங்கிப் போனவள். அது போதாதென்று, மனுப் போட்ட மறு வருஷமே புருஷன் வேறொருத்தியோடு சகவாசம் வைத்தார் என்று சண்டை பிடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டாள். விசாரணைக்கு அழைப்பு வந்தபோது அவர் கடிதம் எழுதினார்: "அதிகாரி சம்சாரம் எங்கே என்று கேட்கிறார். வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ." விசா இல்லாமல் போகமுடியாத காலம் அதற்குள் வந்திருந்தது. விசா கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்பாள் கிழவி. "அந்த மனுசனுக்கு அப்பத்தான் என் நெனப்பு வந்துச்சாக்கும்!"

1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்வது. (1974-ல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். வயல் வரப்பைப் பிரிப்பதற்குக்கூட நம் ஊரில் இதைவிட அதிகம் யோசிப்பார்கள்.) ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; பிறகு வந்த கப்பல்கள் ராமேசுவரத்துக்கு வந்தன.

அப்படி ஒரு கப்பலில் 1971-ல் கிழவர் வந்து இறங்கினார். இந்தியப் பாஸ்போர்ட்டு, ஒரு தகரப் பெட்டி, இருமல். கிழவி வாசலில் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் உலை வைத்தாள். நாலு வருஷம் அவர் திண்ணையில் இருந்தார். இருவரும் பேசிக்கொண்டதை நான் அதிகம் கேட்டதில்லை.

அவர் போன பிறகு ஒரு சனிக்கிழமை, மலைப் படியில், மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். தகரப் பெட்டியில் இருந்ததாம். "இங்கிலீசு படிக்கிறியே, என்ன எழுதியிருக்கான்னு சொல்லுய்யா. என்னாலதான் தள்ளுனாகளா?"

மனுவை நிராகரித்த உத்தரவு அது. முழுவதும் எனக்கு விளங்கவில்லை. மனைவி தொடர்ந்து வசிக்கவில்லை என்ற ஒரு வரி மட்டும் விளங்கிற்று.

"ஏதோ தேதி ஒத்துவரலையாம் பாட்டி" என்றேன்.

கிழவி காகிதத்தை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு எழுந்து மிச்சப் படியை ஏறினோம்.