மலைக்கு அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் செங்கல்

நம் ஊர்க்காரர்களிடம் அரண்மனை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் மதுரை மகாலையும்தான் சொல்வார்கள். நாயக்கர் காலக் கட்டடம் என்றாலே செங்கல்லும் சுண்ணாம்பும்தான். 1636-இல் கட்டிய மதுரை மகாலின் சொர்க்க விலாசத்தில், அவ்வளவு பெரிய கூரையைத் தாங்க ஒரு மர உத்தரம்கூடக் கிடையாது. வளைவுகளும் குவிமாடமுமே பாரத்தைச் சுமக்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஓர் அரண்மனையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில், திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகப் போனால் தக்கலை வரும். அதன் பக்கத்தில்தான் பத்மநாபபுரம். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரம். 1600-களின் தொடக்கத்தில் உருவான அரண்மனையை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக்காலம் 1729–1758) விரிவாக்கினார்.

அங்கே எல்லாச் சுவரும் மரமில்லை. ஆனால் தூண், உத்தரம், மேல்தளம், கூரை என்று கட்டடத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் மரம்தான்.

ஏன் மரம்?

காரணம் மழை! தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது சாரலும் காற்றும். அதனால் நம் பக்கம் தட்டையான மச்சு வீடே போதும். குமரி மாவட்டத்திலோ இரண்டு பருவமழையும் உண்டு. தண்ணீர் நிற்காமல் ஓட செங்குத்தான ஓட்டுக்கூரை வேண்டும். அந்தச் சரிவை அமைக்க மரச்சட்டம் வேண்டும். தேக்கும் பலாவும் காட்டிலேயே கிடைத்தன.

எப்படி நிற்கிறது?

ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, இன்னொரு மரத்தில் தோண்டிய துளைக்குள் செருகுவார்கள். மர ஆணி அடித்து இறுக்குவார்கள். ஆடிப்பூரத்தில் நாம் வடம் பிடிக்கும் ஆண்டாள் தேரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், மரத்தோடு மரம் சேரும் வேலை புரியும்! நீண்டு இறங்கும் கூரை சுவரில் மழை படாமல் காக்கும். மந்திரசாலையின் மரச்சட்ட ஜன்னல்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும்.

இங்கிலாந்திலும் இதே யோசனை உண்டு. செஷயரில் உள்ள லிட்டில் மோர்டன் ஹால் 1500-களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய மாளிகை. ஓக் மரச்சட்டம்தான் பாரம் தாங்கும். இடையில் உள்ள சுவர் வெறும் அடைப்பு. பிற்பாடு உச்சியில் நீளமான ஒரு கூடத்தைச் சேர்த்து அதன் மேல் கனமான கற்பலகைக் கூரையும் போட்டார்கள். அந்தப் பாரத்தில் கட்டடமே வளைந்து போயிருக்கிறது. ஆனாலும் விழவில்லை! மரம் வளைந்து கொடுக்கும்.

அதன் பலவீனம்?

கரையானும் ஈரமும். செங்கல் கட்டடத்தைப் பல வருடம் கவனிக்காமல் விட்டாலும் பாதியாவது நிற்கும். மரக்கட்டடத்தில் ஓர் ஓடு உடைந்து, சில மழைக்காலம் யாரும் பார்க்காமல் போனால் உத்தரமே உளுத்துவிடும். ஆனால் கெட்ட துண்டை மட்டும் கழற்றி வேறு துண்டு வைக்கலாம். அதாவது மரவீட்டின் ஆயுள் மரத்தில் இல்லை, கவனிக்கும் கையில் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அரசன் இல்லாத அரண்மனை எளிதில் பாழடைந்திருக்கலாம். 1956 நவம்பர் 1-இல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டில் சேர்ந்தபோதும் பராமரிப்பு கேரள அரசிடமே தொடர்ந்தது. தமிழ்நாட்டு மண்ணில் இருப்பதைக் கேரளத் தொல்லியல் துறை காத்து வருகிறது! 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம் பிடித்தது.

இங்கேயோ பழைய வீடு இடிந்தால் தூணும் கதவும் பழைய மரக்கடைக்குப் போய்விடுகின்றன. காரைக்குடிப் பக்கம் பர்மா தேக்குத் தூண்களுக்கும் இதே கதிதான். செதுக்கிய கையையும் மறந்து, காக்கும் கையும் இல்லையென்றால் மிச்சம் என்ன?

குமரிக்குச் சுற்றுலா போனால் அரை நாளாவது பத்மநாபபுரத்துக்கு ஒதுக்குங்கள். பூமுகத்தில் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் மரப்பூக்கள் இன்னும் வாடாமல் இருக்கின்றன!