கக்குவான் கிருமியின் பிடி

கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமியை ஜூல் போர்டேவும் ஒக்தாவ் ஷாங்குவும் தனியே வளர்த்துக் காட்டியது 1906-இல். நம்பத்தக்க தடுப்பூசி வந்ததோ 1930-களில். கிருமி கையில் இருந்தது; அதைக் கொன்று ஊசியாக்கும் முறையும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஆய்வகங்கள் தயாரித்த ஊசிகள் ஓரிடத்தில் பலித்தன, இன்னோரிடத்தில் பொய்த்தன. இந்தக் குழப்பத்துக்கான விடையைக் கிருமியின் மேற்பரப்பில்தான் தேட வேண்டும் என்பேன். முதல் தடயம் 1912-இல் பாஸ்டனில் கிடைத்தது. இந்நோயால் இறந்த குழந்தைகளின் மூச்சுக்குழாயை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஃபிராங்க் மாலரியும் அவருடைய சகாவும், சளியை மேலே தள்ள வேண்டிய குறுஇழைகளுக்கு நடுவே கிருமிகள் திரள்திரளாகச் செருகிக் கிடப்பதைக் கண்டார்கள். அடுத்த தடயம் 1931-இல் வந்தது. நோயாளியிடமிருந்து புதிதாக எடுத்த கிருமியும் ஆய்வகத்தில் நாள்பட வளர்ந்த கிருமியும் ஒரே தன்மை உடையவை அல்ல என்று லெஸ்லியும் கார்ட்னரும் காட்டினார்கள். பழகிய கிருமி வீரியத்தை இழந்துவிடுகிறது, மேற்பரப்பும் மாறிவிடுகிறது.

மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பேர்ல் கெண்ட்ரிக்கும் கிரேஸ் எல்டரிங்கும் தடுப்பூசியில் பெற்ற வெற்றியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பகல் வேலை முடிந்தபின் நோய் கண்ட வீடுகளுக்குப் போவார்கள். உருளைக்கிழங்குச் சாறும் இரத்தமும் கலந்த கூழ் பரப்பிய தட்டைக் குழந்தையின் வாய்க்கு எதிரே பிடித்து, அதன்மேல் இருமச் சொல்வார்கள். அப்படிப் புதிதாகச் சேர்த்த கிருமியே அவர்களுடைய ஊசிக்கு மூலம். அவர்கள் வெளியிட்ட முதற்கணக்கில், ஊசி போட்ட 712 குழந்தைகளில் 4 பேருக்கு இலேசாக நோய் வந்தது. போடாத 880 பேரில் 45 பேருக்கு வந்தது. பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, மிகக் குறைந்த பணத்தில் நடந்த வேலை இது.

புதிய கிருமியிடம், மேற்பரப்பிலிருந்து நீண்டு மூச்சுக்குழாயைப் பற்றும் இழைகள் மட்டுமா இருந்தன, அது சுரக்கும் நச்சும் இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டையும் ஒரே மரபணு அமைப்புதான் இயக்குகிறது. நச்சை மட்டும் செயலிழக்கச் செய்து போட்ட ஊசியும் டென்மார்க்கில் நோயைத் தடுத்தது. ஆகவே 1930-களின் சான்றை வைத்து மேற்பரப்புக்கே முழுப் பெருமையையும் தந்துவிட முடியாது. ஆனால் 1963-இல் மான்செஸ்டரின் நோயல் பிரெஸ்டன் ஒன்றைக் கவனித்தார். பிரிட்டனில் ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் தந்த கிருமிகளின் மேற்பரப்பு வகையும் ஊசியில் இருந்த வகையும் பொருந்தவில்லை. தடுப்பூசியில் முக்கிய வகைகள் எல்லாம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு பரிந்துரைத்தது. அவ்வகைகளில் இரண்டு, கிருமி ஒட்டிக்கொள்ள உதவும் மெல்லிய இழைகளே என்பது பின்னால் தெளிவாயிற்று. நச்சு மட்டுமே எல்லாமாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு பொருட்டாகியிராது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. முழுக்கிருமிக்குப் பதிலாகச் சில புரதங்களை மட்டும் கொண்ட இன்றைய ஊசிகள் பலவற்றில், பற்றும் புரதங்களும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படியிருந்தும் அவற்றைப் போட்ட பபூன் குரங்குகள் நோயிலிருந்து தப்பினவே தவிர, கிருமி அவற்றின் மூச்சுப்பாதையில் குடியேறி மற்றவற்றுக்கும் பரவியது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதை மேற்பரப்பின் தோல்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பெருக்குகிறது. கிருமி பற்றுவதோ மூக்கின், மூச்சுக்குழாயின் ஈரமான உட்சுவரை. அதனால்தான் பிரான்சின் லீல் நகரில், நச்சு முடக்கப்பட்ட, ஆனால் பற்றும் திறன் குன்றாத உயிருள்ள கிருமியை மூக்குவழியே தரும் தடுப்பு மருந்து உருவாயிற்று. மனிதர்களிடம் அதன் சோதனைகளும் நடந்திருக்கின்றன.