கட்டுரைப் பாடமும் கற்பனை வளமும்

மலேசியத் தமிழ்க்கல்வியின் தோற்றத்தை 1816ஆம் ஆண்டு பினாங்கில் நடைபெற்ற தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுவது வழக்கம். பின்னர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேரேனும் வாழும் தோட்டங்களில் பள்ளி அமைய வேண்டும் என விதித்தது. அப்பள்ளிகள் எழுத்தையும் எண்ணையும் கற்பித்தன. பார்த்தெழுதுதலும் சொல்வதெழுதுதலுமே எழுத்துப் பயிற்சியின் பெரும்பகுதியாக விளங்கின. பிள்ளை தானே எண்ணித் தன் சொல்லால் எழுத அங்கே வாய்ப்புக் குறைவு.

அவ்வாய்ப்பைப் பெரிதும் அளித்தவை நாளேடுகளே எனின் மிகையன்று. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1950இல் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கிற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். சிறுகதை எழுதும் முறை ஏட்டின் வழியே பாடமாயிற்று. வாசகர் எழுதியவை மதிப்பிடப்பட்டன. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950களில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளையோர் கைகளில் எழுதுகோலைக் கொடுத்தது. 1952 முதல் 1957 வரை இந்நாட்டில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் அமைத்து எழுத்தைக் கூடியிருந்து ஆராயும் பழக்கத்தை வளர்த்தார். இம்முயற்சிகளால் பயன்பெற்றோருள் பலர் பிற்காலத்தில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் திகழ்ந்தனர்.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அங்கே எழுதியவர் தமக்குத் தெரிந்த வாழ்வை எழுதினர்; எழுதியதைப் படிக்க ஒருவர் இருந்தார்; குறையைச் சுட்டவும் நிறையைப் பாராட்டவும் ஆள் இருந்தது.

பள்ளியிலோ நிலை வேறாயிற்று. 1983இல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் மாணவரை நடுவாக வைத்தது. ஆயினும் 1988இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தபின், மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றிற்று. பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. நானும் அவ்வாறே கற்பித்தவன். ‘நான் ஒரு புத்தகப்பை’ என்று தன்கதை எழுதச் சொன்னால், முப்பது பைகளும் ஒரே தொழிற்சாலையில் பிறந்து, ஒரே கடையில் விலைபோய், ஒரே குப்பைத்தொட்டியில் கண்ணீர் வடிக்கும்.

ஒருமுறை ஒரு மாணவனின் பை மட்டும் வேறு கதை சொல்லிற்று. அது அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த பை. அதன் உட்புறத்தில் இருந்த பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதியபோது, ‘இரண்டு பேருக்கும் நான் சொந்தம்’ என்று அது மகிழ்ந்ததாம். ‘அமைப்பு முறை பிறழ்ந்தது’ என்று நான் சிவப்பு மையால் குறித்தேன். அதற்குப் பிறகு அவன் மாதிரிக் கட்டுரையைத்தான் எழுதினான். அவனுக்கு மதிப்பெண் கூடிற்று. அவன் எழுத்தோ மறைந்தது. அச்சிவப்பு மை இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

2011இல் அறிமுகமான தர அடிப்படையிலான கலைத்திட்டமும், அதன் பின்னர் வலியுறுத்தப்பட்ட உயர்நிலைச் சிந்தனைத் திறனும் பழைய முறையை மாற்ற முயன்றன. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்பட்டது. இனித் தேர்வின்மேல் பழிபோட இயலாது. ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, முடிவை ஒவ்வொருவரும் எழுதட்டும். ஒரே நிகழ்ச்சியைத் தாயின் பார்வையிலும் பிள்ளையின் பார்வையிலும் சொல்லட்டும். வீட்டிலுள்ள முதியவரிடம் அவரது இளமைக்கால நாள் ஒன்றைக் கேட்டு வந்து எழுதட்டும். எழுதியதை வகுப்பில் படித்துக்காட்டித் திருத்தி மீண்டும் எழுதட்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. சற்றே நேரமும் செவிமடுக்கும் பொறுமையும் போதும்.

அன்று நாளேடு, முகம் அறியாத வாசகரை நம்பி எழுதச் சொன்னது. நம் கண்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நாமும் நம்புவோமாக. ஆசிரியப் பெருமக்களே, சிவப்பு மையைத் தொடுமுன் அக்கட்டுரையை ஒருமுறை வாசகராக இருந்து படியுங்கள்.