சும்மா கிடந்த கப்பலில் பிறந்த சுற்றுலா

'க்ரூஸ்' என்றதும் நம்மில் பலருக்கு டைட்டானிக் தான் ஞாபகம் வரும். ஆனால் அது க்ரூஸ் கப்பலே கிடையாது! ஆட்களையும் தபாலையும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும் லைனர். நம்ம ஊர் ரூட் பஸ் மாதிரி. க்ரூஸில் எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசியமில்லை, பெரும்பாலும் கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். அதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

1844லேயே இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனி மத்தியதரைக் கடல் பயணத்துக்கு எழுத்தாளர் தாக்கரேவை இலவசமாக அழைத்துப் போனது. அவரும் புத்தகம் எழுதிக் கொடுத்தார். (விளம்பர உத்தி அப்போதே ஆரம்பம்!) இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் தந்தை ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் ஆல்பர்ட் பாலின் தான்.

அவருடைய பிரச்சினை நம்ம பி.காம். பாடத்தில் வருகிற பிரச்சினை. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கொந்தளிக்கும், பயணிகள் குறைந்துவிடுவார்கள். கப்பல் சும்மா நின்றாலும் வட்டி, இன்சூரன்ஸ், தேய்மானம் எதுவும் நிற்காது. நிலையான செலவு! மாறும் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் கிடைத்தாலும் கப்பலை ஓட்டுவது லாபம்தானே? 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா'வை 241 பயணிகளோடு தெற்கே வெயிலைப் பார்க்க அனுப்பினார் பாலின். தானும் கூடவே போனார். ஜிப்ரால்டர், அலெக்சாண்டிரியா, கான்ஸ்டான்டிநோபிள் என்று இரண்டு மாதம் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். (ஒரு கொசுறு: ஜெர்மன் பேரரசியின் பெயர் 'அகஸ்டே'. அதைத் தப்பாக எழுதிய கப்பலுக்கு 1897ல் தான் பெயரைத் திருத்தினார்கள்.)

இந்த வெற்றியில் அடுத்து க்ரூஸுக்கென்றே ஒரு கப்பல் கட்டினார், 'பிரின்செஸின் விக்டோரியா லூயிஸே'. 120 அறைகள், எல்லாமே முதல் வகுப்பு. போட்டோ கழுவ இருட்டறை கூட இருந்தது! 1906 டிசம்பரில் ஜமைக்கா அருகே பாறையில் ஏறிவிட்டது. பயணிகள் எல்லோரும் தப்பினார்கள். கேப்டன் மட்டும் தன் அறைக்குப் போய் சுட்டுக்கொண்டு இறந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து கப்பல்கள் மறுபடி சும்மா நின்றன. இந்தமுறை காரணம் குளிர் இல்லை, ஜெட் விமானம். 1958 அக்டோபரில் பான் ஆம் நியூயார்க்-பாரிஸ் ஜெட் விட்டது. ஐந்து நாள் கடல் பயணம் சில மணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகும் 1962ல் பிரான்ஸ் தேசம் 'பிரான்ஸ்' என்ற மாபெரும் லைனரை இறக்கியதை என்னவென்று சொல்வது? அரசு மானியத்தில் ஓடிய கப்பல் மானியம் நின்றதும் 1974ல் நின்றுவிட்டது.

1979ல் நார்வேக்காரர் நட் க்ளோஸ்டர் அதை 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கி 'நார்வே' என்று பெயர் மாற்றினார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். விமானத்தோடு போட்டி இல்லாதபோது வேகம் எதற்கு? நான்கு ப்ரொப்பெல்லர்களில் இரண்டைக் கழற்றிவிட்டார்கள். எரிபொருள் மிச்சம்! ஆனால் கரீபியனில் பல துறைமுகங்களுக்குள் அந்தக் கப்பல் நுழையவே முடியாது. அதனால் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோக இரண்டு பெரிய படகுகளை மேல்தளத்தில் சுமந்தது. கரைக்குப் போவது சிரமமானதும் கப்பலே ஊராகிவிட்டது. பாலினின் பயணிகள் ஊர் பார்க்கப் போனார்கள், 'நார்வே'யின் பயணிகள் கப்பல் பார்க்கப் போனார்கள்.

2024ல் வந்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' இதன் உச்சம். அதிகபட்சம் 7,600 பயணிகள், உள்ளேயே வாட்டர் பார்க். அதனால் க்ரூஸ் விளம்பரம் கையில் கிடைத்தால் அறையின் படத்தை விடுங்கள். எத்தனை நாள் துறைமுகத்தில், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். கோயில், கோட்டை, கடைத்தெரு பிடிக்கும் என்றால் சின்னக் கப்பல். நீச்சல்குளமும் சாப்பாடும் போதும் என்றால் பெரிசு. என் ஓட்டு சின்னதுக்குத்தான்.

'நார்வே' என்ன ஆனது? 2003 மே மாதம் மயாமியில் பாய்லர் வெடித்து ஊழியர்கள் 8 பேர் இறந்தார்கள். அதோடு அதன் பயணங்கள் முடிந்தன. 2006ல் 'ப்ளூ லேடி' என்ற பெயரோடு குஜராத்தின் அலாங் கடற்கரையில் வந்து தரை தட்டி நின்றது, உடைத்துப் பழைய இரும்பாக விற்பதற்கு.